வண்டிக்குள் இரைச்சல்

சுமோ வீரர் காலைத் தூக்கினார். தூக்கிய கால் கீழே இறங்கவேயில்லை. பட்டறையில் நின்ற காரின் பின்சீட்டு டி.வி.யில் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே உறைந்து நின்றது.

"பார்த்தியாம்மா? தினமும் இதே கூத்துதான்!" என்று சீறினார் நகர்மன்ற உறுப்பினர் ஹிரோசே. மாலையில் அவர் 'ஒளிவுமறைவற்ற குடும்பம்' பற்றிச் சொற்பொழிவு ஆற்ற வேண்டும். வழியில் சுமோ இறுதிச்சுற்றையும் பார்த்தாக வேண்டும்.

"மலைப்பக்கம் போறப்ப இப்படி ஆகுதுங்களா ஐயா?" என்று கேட்டாள் மெக்கானிக் இகராஷி.

"நின்ன இடத்துலயே ஆகுது! வித்தவன் என் தலையில மிளகாய் அரைச்சுட்டான்."

கண்ணாடியில் ஒட்டியிருந்த நான்கு ஆன்டெனாக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தாள் இகராஷி. பிறகு என்ஜினை அணைத்தாள். படம் தெளிவாக ஓடியது. மறுபடி போட்டாள், உடைந்தது.

"ஆன்டெனா நல்லாத்தான் இருக்கு. வண்டிக்குள்ளயே ஏதோ ஒண்ணு கரண்டைத் தின்னுட்டு இரைச்சலைக் கக்குது. அது சிக்னலைக் கெடுக்குது. ஒண்ணொண்ணா பிடுங்கிப் பார்த்தா தெரிஞ்சிடும்."

டிரைவர் நகுமோ பின்சீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஐயா தினமும் மாலையில் எந்த வாக்காளரிடம் குறை கேட்கப் போகிறார் என்று ஐயாவின் மனைவிக்குத் தெரிய வேண்டுமாம். அந்த அம்மாள் கொடுத்த ஒலிப்பதிவுக் கருவியைப் பின்சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தவன் அவன்தான். மாட்டிக்கொண்டால் வேலை போகும். வேலையோடு, குடியிருக்கிற வீடும் போகும்.

இகராஷி முன்பக்கக் கேமராவைப் பிடுங்கினாள். போன் சார்ஜரைப் பிடுங்கினாள். படம் திருந்தவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

"அங்க என்னத்தை நோண்டற? போதும் விடும்மா, சுமோ என்ன பெரிய சுமோ, நாளைக்குப் பேப்பர்ல பார்த்துக்கறேன்" என்றார் ஹிரோசே. இவ்வளவு நேரம் குதித்த மனிதர் திடீரென்று பசுவாகிவிட்டார். நகுமோ அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அவன் பார்வை பின்சீட்டை விட்டு அகலவில்லை.

"கிடைச்சிடுச்சு!" உள்ளேயிருந்து இகராஷியின் குரல் வந்தது. "பேச்சைப் பதிவு பண்ற மெஷின் ஐயா. யாரோ ஒளிச்சு வச்சிருக்காங்க. மட்டமான சரக்கு, அதான் இந்த இரைச்சல்!" ஒயரைப் பிடுங்கினாள். டி.வி.யில் படம் பளிச்சென்று ஓடத் தொடங்கியது.

 நகுமோ பட்டறைத் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்துவிட்டான்.

"மன்னிச்சிடுங்க ஐயா! அம்மாதான் வைக்கச் சொன்னாங்க. நீங்க எங்க போறீங்க, யார்கூடப் பேசறீங்கன்னு கேக்கணும்னாங்க. என்னால மறுக்க முடியலை. வயித்துல அடிச்சிடாதீங்க ஐயா!"

ஹிரோசே இகராஷியின் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். தரையில் கிடந்தவனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மடையா, இது நீ என்னைப் பத்தி என்ன பேசறேன்னு கேக்க நான் வச்சது. அவ வைக்கச் சொன்னது எங்கடா?"