இடது பக்கத்துக் கண்

"போங்க!" என்றாள் தங்கமணி.

அவள் கணவர் தேவராஜ் உடனே வண்டியை இடது பக்கம் ஒடித்து, முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த மூங்கில் லாரியைத் தாண்டி, மறுபடி வலது ஓரத்துக்கு வந்துவிட்டார். பின்சீட்டில் இருந்த இன்சூரன்ஸ் ஆய்வாளர் உதயசூரியன் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்.

"பிரமாதம் அக்கா! எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல."

வானம் முழுக்க மேகம். ஆனாலும் தங்கமணி பாதி முகத்தை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கம்பெனி ஐயா வருகிறார் என்று கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டவள், அந்த உற்சாகத்திலேயே கண்ணாடியும் வாங்கிவிட்டாள் என்று தேவராஜ் நினைத்துக்கொண்டார்.

யாங்கோனில் வண்டி ஓட்டுகிற விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சாலையில் வலது பக்கமாகப் போக வேண்டும். ஆனால் ஊரில் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். அவற்றில் ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கும்.

அதனால் ஓட்டுகிறவர் சாலை ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் லாரி போனால் அதன் முதுகு தெரியுமே தவிர, எதிரே வருவது தெரியாது. இடது சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கையும் காலும் ஒருவருடையது, கண் இன்னொருவருடையது.

தேவராஜுக்கு அந்தக் கண்ணாக இருந்தவர் பக்கத்து வீட்டு காஜா மைதீன். ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி, கண்ணை அகலத் திறந்து பார்த்துத்தான் சொல்வார். அப்படிப் பார்த்துச் சொல்லியும் ஒரே மழைக்காலத்தில் மூன்று மோதல். லைசென்ஸை முடக்கிவிட்டார்கள்.

அடிக்கடி மோதுகிறவர்களுக்கென்று தனியாக ஓர் இன்சூரன்ஸ் உண்டு, அதை எடுத்து வந்தால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். எந்தக் கம்பெனியும் தரத் தயாராயில்லை. கடைசியில் ஒரு சின்னக் கம்பெனி, ஓட்டிக் காட்டினால் யோசிக்கலாம் என்று சொல்லி, அதற்காக ஒரு நாள் அனுமதியும் வாங்கிக் கொடுத்தது. காஜாவை இனி நம்ப முடியாதென்று இன்று இடது சீட்டில் தங்கமணியை உட்கார வைத்திருந்தார்.

இன்று தேறாவிட்டால், லைங் தாயா பேட்டையின் தையல் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும், ஊரில் 'ஃபெரி' என்று சொல்கிற வண்டி வேலை இன்னொருவருக்குப் போய்விடும். தேவராஜுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"முன்னால பஸ்ஸு போகுது. பாத்துச் சொல்லு தங்கமணி."

தங்கமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உதடு லேசாக அசைந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. கடைசிக் கணுவைத் தொட்டதும், "போங்க!"

போனார். பாதை காலி.

உதயசூரியன் சீட்டின் நுனிக்கே வந்துவிட்டார். "இப்பத்தான் புரியுது! எதிர் வண்டி எவ்ளோ தூரம், என்ன வேகம், எல்லாத்தையும் அக்கா விரல்லயே கணக்குப் போடுறாங்க. என்ன படிச்சிருக்கீங்க அக்கா?"

"இன்சீன் ஸ்கூல்ல ஆறாங்கிளாஸ் வரைக்கும், சயா," என்றாள் தங்கமணி வெட்கத்தோடு. பர்மியப் பேச்சில் சயா என்றால் ஐயா, கோ என்றால் அண்ணன்.

"காஜா அண்ணன் இப்படியெல்லாம் எண்ண மாட்டாரு சயா," என்றார் தேவராஜ். "சும்மா பாப்பாரு, சொல்லுவாரு."

"அதான் முட்டியிருக்கு! வெறும் பார்வை பத்தாது கோ தேவராஜ்."

இன்னும் ஒரு மணல் லாரி, இரண்டு டாக்சி, நடுரோட்டில் இளநீர் வண்டி. எதிலும் பிசகவில்லை. கம்பெனி வாசலில் இறங்கியதும் உதயசூரியன் தீர்ப்புச் சொன்னார்.

"நீங்க ஓட்டுறது சுமார்தான். பிரேக்குக்குக் கால் லேட்டாப் போகுது. ஆனா அக்கா கண்ணை நம்பி பாலிசி தரேன். ஒரே நிபந்தனை. இடது சீட்ல அக்காதான் உக்காரணும். வேற யாரு உக்காந்தாலும் பாலிசி செல்லாது."

தேவராஜ் அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கமணியின் முகம் மட்டும் வாடிப்போயிற்று.

"தினமும் நானேவா சயா?"

"தினமும் நீங்களேதான்!"

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள், பெண்களை ஏற்றிவர இருவரும் காலி வண்டியில் லைங் தாயாவுக்குக் கிளம்பினார்கள். மழை பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி சாலையை அடைத்துக்கொண்டு போனது.

"இருட்டிக்கிட்டு வருது. அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாரேன்."

"வேணாங்க, இருக்கட்டும்." கட்டைவிரல் கணுக்களில் ஏறி இறங்கியது. "போங்க!"

தேவராஜ் ஒடித்த வேகத்தில் கறுப்புக் கண்ணாடி நழுவித் தங்கமணியின் மடியில் விழுந்தது. அவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

இமைகள் இரண்டும் இறுக்கி மூடியிருந்தன. உதடு, "முருகா, முருகா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

வழக்கம்போல எதிரே எதுவும் வரவில்லை. லாரியைத் தாண்டியதும் தேவராஜ் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"அடிப்பாவி! கண்ணைத் தொறந்து பாத்துச் சொல்லக் கூடாதாடி?"

தங்கமணி மெல்ல ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"காஜா அண்ணன் தொறந்துதானேங்க பாத்தாரு?"