இன்னும் ஒரு நடை

எடை மேடையில் ஏறி நிற்கச் சொன்னார்கள். ஏறி நின்றாள்.

கைப்பையையும் தோளில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டிக்கொண்டாள்.

முள் ஆடி நின்றது. சீருடைக்காரன் குறித்துக்கொண்டு, போகலாம் என்று கையசைத்தான். சின்ன விமானம். ஆள் எடை, பை எடை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

முந்தாநாள் காலை, கீழே ஏரிக்கரை ஊரில், அந்தக் கூட்டலில்தான் ஓர் ஆள் மிஞ்சிப்போனது.

"நீ முதல்ல போ. நான் அடுத்ததுல வந்துருவேன்" என்றார் அவள் கணவர்.

கல்யாணமான நாளிலிருந்து ராஜபாளையத்தை விட்டு மதுரைக்குக்கூட அவள் தனியாகப் போனதில்லை. அன்று நேபாளத்து முக்திநாதரைப் பார்க்கத் தனியாகப் பறந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு. பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டே.

இறங்கியதும் கூட வந்தவர்கள் டீக்கடையைத் தேடிப் போய்விட்டார்கள். அவள் கம்பி வேலி ஓரமாக நின்று அவருக்குப் போன் போட்டாள்.

மலை இடுக்கில் காற்று ஏறிவிட்டதாம், இனி நாளைக்குத்தானாம் என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நீலம். ஒரு பொட்டு மேகமில்லை.

"இங்க வானம் பளிச்சுனு இருக்குங்க. எனக்குத் தனியா பயமா இருக்கு. எப்படியாவது கேட்டு வந்திருங்க."

அவர் போய்க் கேட்டார். அவரைப் போல வேறு சிலரும் நின்று கேட்டார்கள். ஒருவருக்கு லீவு முடிகிறது. ஒருவருக்குத் தங்க அறை இல்லை. பேச்சு வளர்ந்து, கடைசியில் இன்னும் ஒரு நடை விடச் சம்மதித்தார்கள்.

"கிளம்பிட்டோம்" என்றார் போனில். குரலில் ஜெயித்த சந்தோஷம்.

அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள்.

நேற்று ஒரு சரிவில் கண்டுபிடித்தார்கள். கிடைத்ததையெல்லாம் கீழே ஊருக்குக் கொண்டுபோயாகிவிட்டது. அடையாளம் சொல்ல அவள் போக வேண்டும். ஜீப் பாதை போன வார மழையில் சரிந்து கிடந்தது.

"வேற வழி இல்லம்மா" என்றார் யாத்திரைக்குக் கூட்டி வந்த வேங்கடபதி. "நானும் கூட வர்றேன்."

அவள் தலையாட்டினாள். எதில் போனால் என்ன.

வரிசையில் முன்னால் ஒரு புதுமணத் தம்பதி. கோயம்புத்தூர்ப் பேச்சு. அந்தப் பெண்ணின் கையில் மருதாணி இன்னும் வெளுக்கவில்லை.

"அதே கம்பெனி பிளேன்தானுங்களே இது?" என்று அவனிடம் கேட்டாள் அந்தப் பெண்.

"அட, ஒண்ணு விழுந்தா அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஒழுங்கா ஓட்டுவாங்க. இப்பப் போறதுதான் சேஃப்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

வேங்கடபதி குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

இவளுக்குக் கோபம் வரவில்லை. போகாதீர்கள் என்று கையைப் பிடித்து இழுக்கத் தோன்றியது. இழுத்து எங்கே நிறுத்துவது? இங்கேயும் அந்த மலைகள்தான் நிற்கின்றன.

விமானத்துக்குள் குனிந்துதான் போக வேண்டியிருந்தது. இடப்பக்கம் ஒற்றை இருக்கைகள். வலப்பக்கம் இரட்டை.

"இடப்பக்கம் வேண்டாம்மா" என்றார் வேங்கடபதி மெதுவாக. "இப்படி வாங்க."

அந்தச் சரிவு எந்தப் பக்கம் வரும் என்று அவளுக்குப் புரிந்தது.

இடப்பக்க ஜன்னலில் போய் உட்கார்ந்தாள்.

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு பின்னால் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பெல்ட் மாட்டும்போது யாரோ தோளைத் தொட்டார்கள். மருதாணிக் கை.

"ஆன்ட்டி, இந்தப் பக்கம்தான் பனிமலை நல்லாத் தெரியுமாமுங்க. இவருக்கு வீடியோ எடுக்கோணும். கொஞ்சம் மாறி உக்காந்துக்கறீங்களா?"

யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறவள் அவள். ரயிலில் கீழ்ப் படுக்கையை. பந்தியில் முதல் இடத்தை. கோயில் வரிசையில் முன்னால் நிற்கும் இடத்தை. கணவர் அதற்காக எத்தனையோ தடவை கடிந்திருக்கிறார்.

கை தானாகப் பெல்ட்டை அவிழ்க்கப் போயிற்று.

பாதியில் நின்றது.

"இல்லம்மா. எனக்குக் கீழ பாக்கணும்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கணவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

விசிறி சுற்றத் தொடங்கியது. விமானம் முழுக்க நடுங்கியது. யாரோ ஒருவர் கை தட்டினார்.

அவள் முந்தானையால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள்.

தெளியவில்லை. அழுக்கு வெளிப்பக்கம் இருந்தது.

விடாமல் துடைத்துக்கொண்டிருந்தாள்.