வரேன்மா

காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். பன்னிரண்டு ஆகிவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில், கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. நர்ஸ் தலையைக் குனிந்தபடி வந்தாள்.

"அக்கா... போயிட்டாருக்கா."

கண்ணாடி கீழே விழுந்தது. "ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களா!"

நர்ஸ் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "ஐயையோ, சார் இல்லக்கா! இன்னும் எவ்வளவு நேரம் பட்டினி போடுவீங்கன்னு சார் என்னைத் திட்டிட்டிருக்காரு. டாக்டர் போயிட்டாரு. வெளிநாட்டுல வேலை. விடியக்காலை ஃபிளைட்டு."

அழுகை சிரிப்பாக மாறியது. "அடிப்பாவி, எனக்கு உயிரே போயிடுச்சு!"

சட்டென்று சிரிப்பு நின்றது. "அப்போ ஆபரேஷன்? இந்த வாரத்தைத் தாண்டக் கூடாதுன்னு அவர்தானே சொன்னாரு!"

"இதயத்துக்கு இங்க அவர் ஒருத்தர்தான்கா இருந்தாரு."

"நேத்து என் கையைப் பிடிச்சு, 'வரேன்மா'ன்னு சொன்னாரே!"

"கிளம்பறவங்க எல்லாரும் அப்படித்தானேக்கா சொல்வாங்க."

நர்ஸ் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். "எனக்கு டியூட்டி முடிஞ்சுது. நான் வரேன்கா."

மனைவி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்படிச் சொல்லாதம்மா! அவர் எழுந்து நடக்கிற வரைக்கும் இங்கேயே இருப்பேன்னு சொல்லு."

நர்ஸ் அந்தப் பிடியை மெல்லத் தளர்த்தினாள்.

வியாழக்கிழமை வெளிநாட்டு விமானத்தில் அவளுக்கும் ஒரு சீட்டு இருந்தது.