ஐந்தாம் நம்பர் ஆயில்

போல்ட் கழன்றதும் ஆயில் கொட்டியது.

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி அவன் தட்டை நகர்த்தி வைத்தான். கறுப்பாக வரும் என்று நினைத்திருந்தான். கறுப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் சாய்ந்து உள்ளே விழுந்தது. தட்டு முழுக்கத் தங்கமாக மினுமினுத்தது.

அழகாகத்தான் இருந்தது.

விரலில் தொட்டுத் தேய்த்தான். நறநறவென்றது.

பித்தளை.

நேற்று ஆயில் கடைக்காரர் சொன்னபோது சிரித்தான். வழக்கமான கடை பூட்டியிருந்ததால் போன வேறு கடை. ஜி.எல். ஐந்தாம் நம்பர் கியர் ஆயில் கேட்டான். என்ன வண்டி என்றார். அறுபத்தைந்தாம் வருடத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடக்கிவிடலாம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். அவர் டப்பாவை எடுக்கவில்லை.

"கியர்பாக்ஸுக்குள்ள பித்தளை வளையமுங்களே சார். அஞ்சு அதைத் தின்னுபோடும். அந்தக் காலத்து வண்டிக்கு நாலுதானுங்க. வேணும்னா பழசை இறக்கி வெயில்ல பாருங்க."

நாலைவிட ஐந்து உசத்தி. இது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. பன்னிரண்டு வருடமாக அவன் இந்தக் கணக்கில்தான் வாங்கினான். ஒர்க்‌ஷாப்பில் ஊற்றுவார்கள். இறக்கிய பழைய ஆயிலை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. செல்ல வண்டிக்கு ஒரு படி கீழானதை வாங்க மனம் வருமா?

எதற்கும் இருக்கட்டும் என்று நாலாம் நம்பரையே வாங்கிவந்தான்.

ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, சுற்றுகிற இரண்டு பாகங்களையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவைப்பவை அந்த வளையங்கள். அவை தேய்ந்தால் சேராது. அரைக்கும்.

அரைத்தது.

ஏழு வருடத்துக்கு முன்னால், சிறுவாணி ரோட்டில், பேரூர் தாண்டி.

அன்று மனைவி ஓட்டினாள். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகி இருபது வருடத்தில் தனக்கென்று அவள் கேட்ட ஒன்று அதுதான். வால்பாறை வளைவு நாற்பதையும் நான்தான் ஓட்டுவேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் பழைய கார் கிளப் நண்பர்களின் வண்டிகள் ஐந்து வந்தன.

இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினாள். கர்ரென்று சத்தம். மறுபடி மாற்றினாள். மறுபடி சத்தம்.

"உனக்குக் கை பதமே இல்ல வேணி. வண்டியக் கொல்லாத. இறங்கு."

ஐந்து வண்டிகளும் நின்றன. இருவரும் இறங்கி இடம் மாறினார்கள். அவள் முன்பக்கமாகச் சுற்றி வந்தாள். யாரோ சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்துவைத்தான்.

அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. கூப்பிட்டால் வந்து பக்கத்தில் உட்காருவாள். லைசென்ஸ் காலாவதியாகப் போகிறது என்று ஒருநாள் ஞாபகப்படுத்தினான். இருக்கட்டுங்க என்றாள்.

அவனும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அன்றைக்கு அவன் மாற்றியபோது மட்டும் மூன்றாவது கியர் ஏன் சத்தமில்லாமல் விழுந்தது?

படுத்தபடியே கையைத் தூக்கி, காற்றில் கியர் மாற்றிப் பார்த்தான். இரண்டு. ஒரு நிறுத்தம். மூன்று.

மறுபடி செய்தான். மறுபடி கை நடுவில் நின்றது.

அந்த நிறுத்தம் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. வளையம் தேயத் தேய, அவனிடம் சொல்லாமலே கை பழகிக்கொண்ட தில்லுமுல்லு. அதைத்தான் பதம் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடி, நிறுத்தாமல், நேராக மாற்றியவள் அவள். அவள் செய்ததுதான் முறை.

அவமானமாக இருந்தது. வண்டிக்கு அடியிலேயே இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தான். வெளியே வர மனமில்லை.

பிறகு போல்டைப் பூட்டினான். நாலாம் நம்பரை ஊற்றினான். அரித்துப்போன வளையம் அரித்துப்போனதுதான், புது ஆயில் அதை வளர்த்துவிடாது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

கையைத் துடைத்துக்கொண்டு சாவியோடு சமையலறைக்குப் போனான். அவள் குழாயைத் திறந்துவிட்டுக் கீரை அலசிக்கொண்டிருந்தாள்.

வாசற்படியிலேயே நின்று சொன்னான்.

"உன் கை மேல தப்பே இல்ல வேணி. நான்தான் ஆயிலை மாத்தி வாங்கியிருக்கேன். பன்னெண்டு வருஷமா."

அவள் திரும்பிப் பார்த்தாள். சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"காலைல நீங்க எடுக்கறப்பவும் அது கத்துமுங்க. இங்க வரைக்கும் கேக்கும்."

கத்தும். ஆமாம். குளிரில் அப்படித்தான் என்று சொல்லி, டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்புவான். தினமும்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கீரையை உதறிக் கூடையில் வைத்தாள்.

அவன் சாவியை நீட்டினான்.

"நம்ம தெருவுக்குள்ளயே ஒரு ரவுண்டு. ஓட்டிப் பாரேன்."

அவள் ஈரக் கைகளைக் காட்டினாள்.

காயட்டும் என்று அவன் நின்றான்.

அவள் இன்னொரு கீரைக்கட்டைப் பிரித்துத் தண்ணீரில் போட்டாள்.