கடைசிப் படியில் விலை

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரே வாரத்தில் பத்தாயிரம் சாய்வு நாற்காலிகளை விற்றது எங்கள் மாடிக் கடையின் படிக்கட்டுதான். அதுவரை விலைப்பலகை கீழே வாசலிலேயே தொங்கியது. பார்த்தவர்கள் அப்படியே தெருவோடு போய்விட்டார்கள். நான் அதைக் கழற்றிவிட்டு, முதல் படியில் ‘முட்டி வலிக்கிறதா?’ என்று மட்டும் எழுதினேன். பத்தாம் படியில், ‘பிரம்பா, துணியா?’ விலையைக் கடைசிப் படிக்குக் கொண்டுபோனேன்.

“படி எங்கயாவது விக்குமா? நான் ஏறிட்டு சும்மா எறங்கி வந்தா, நாளைக்கு நீ வேலைக்கு வராதய்யா” என்றார் முதலாளியின் மச்சான் தவமணி.

ஏறினார். பத்தாம் படியில் நின்று மூச்சு வாங்கினார். அப்புறம் சத்தமே இல்லை. மேலே ஓடிப்போய்ப் பார்த்தால், கடையில் இருந்த பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார்.

“ஒத்துக்கறேன்யா, படி வித்துடுச்சு. இத வீட்டுக்கு அனுப்பிடு. என்னை எழுப்பாம அனுப்பு.”