முதல் எட்டு பைட்

புயல் கடந்த மறுநாள் காலை, கரை திரும்பாத மூன்று விசைப்படகுகளில் ஒன்றிலிருந்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வந்தது. பன்னிரண்டு பைட்டில் முதல் எட்டுதான் வந்து சேர்ந்திருந்தது. ‘முழுமையற்ற தரவு’ என்று கணினி அதைத் தள்ளிவிட்டது. படகுகளின் செய்தியைப் பைட்டுகளாகச் சுருக்கி, கரையில் மறுபடி விரித்துத் தரும் அந்த நிரல் தொகுப்பை, லைப்ரரியை, ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் எழுதியவள் ஜெசிந்தா. குறைபட்ட எதையும் ஏற்காதே என்று அதற்குச் சொல்லி வைத்தவளும் அவள்தான். வந்த எட்டு பைட்டின் எண்களையும் தாளில் எழுதிக் கையாலேயே கணக்கிட்டாள்.

“இந்த எடத்துக்குக் கப்பல அனுப்புங்க சார்.”

“நிச்சயமா சொல்றீங்களா?” என்றார் மீட்பு அதிகாரி தணிகாசலம்.

“எங்க இருக்காங்கங்கிறது மொதல்ல வரணும்னு வரிசை வச்சதே நான்தான். இதுல சந்தேகமே இல்ல.”

அவர் உடனே கப்பலுக்கு ஆணையிட்டார். பிறகு கேட்டார்: “யாரு படகு?”

“படகு நம்பர் கடைசி நாலு பைட்ல. அது வரல சார்.”

மீட்பு மையத்தின் வாசலில், திரும்பாத படகுக்கு ஒருத்தியாக மூன்று பெண்கள் கைகோத்து நின்றிருந்தார்கள். ஜெசிந்தாவே வெளியே போனாள்.

“ஒரு படகு இருக்கிற எடம் தெரிஞ்சிருச்சு. கப்பல் கெளம்பியாச்சு.”

கோத்திருந்த கைகள் மெல்ல விலகின.