மூன்றாவது நாற்காலி

கோட்டைக்குப் பின்தெருவில் இருந்த அந்தப் பழைய மாடிவீட்டில், தங்குவதற்கு அறையும் காலைச் சாப்பாடும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு மாதங்கி வந்திருந்தாள். முதல்நாள் காலையிலேயே விஷயம் விளங்கிவிட்டது. வீட்டுக்காரர் ஞானமுத்துவும் அவர் மனைவி எஸ்தரும் ஒருவரோடொருவர் நேரே பேசிக்கொள்வதில்லை.

“அவருக்கு இன்னொரு இட்லி வேணுமான்னு கேளும்மா” என்பார் எஸ்தர், இட்லியை அவர் தட்டுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு.

“சட்னியில உப்பு கம்மின்னு அவகிட்ட சொல்லும்மா” என்பார் ஞானமுத்து.

என்ன சண்டை என்று மாதங்கி கேட்கவில்லை. கேட்டால் அதையும் இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே மூன்று நாளாக அவளுடைய இட்லி ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

நான்காம்நாள் காலை விடைபெற்று ஆட்டோவில் ஏறியவள், குடையை மறந்துவிட்டதால் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசையில் அவள் இடத்தில் தட்டு வைக்கப்பட்டிருந்தது. அதில் இரண்டு இட்லி. காலி நாற்காலியைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பிரஷர் மாத்திரை போட்டாச்சான்னு அவரைக் கேளும்மா” என்றார் எஸ்தர், நாற்காலியிடம்.

ஞானமுத்து இட்லியைப் பிட்டபடி பொறுமையாகக் காத்திருந்தார். கேள்வி இன்னும் அவருக்கு வந்து சேரவில்லை.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மாதங்கி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அங்கிள், மாத்திரை போட்டாச்சா?”